ஆளைக் கூப்பிடும் பதிவும், ஆளின் இடத்தில் உட்காரும் பதிவும்

பாட்டை இலவசமாகப் பகிர்வது கலைஞருக்கு நட்டமா லாபமா என்று பேச்செடுத்தால் இசைக்காரர்களுக்குள்ளேயே சண்டை வரும். "யூடியூப் இல்லாவிட்டால் என்னை யாருக்குத் தெரியும்?" என்பார் வாய்ப்பாட்டுக்காரர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த கஞ்சிராக்காரர் பேசாமல் இருப்பார். பரதநாட்டியத்துக்குப் பாடுகிறவருக்கோ பதிவு என்ற பேச்சே கசக்கும். மூவருக்கும் அவரவர் அனுபவம் பேசுகிறது. சில பதிவுகள் கேட்டவரை "இந்த ஆளையே கூப்பிடுவோம்" என்று நினைக்க வைக்கும். சில பதிவுகள் "இதுவே போதும், ஆள் எதற்கு?" என்று கணக்கை முடித்துவிடும். எதையும் ஏற்றுவதற்கு முன் இது எந்த வகை என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி பெயர், ஒலித்தரம், காகிதம் ஆகிய மூன்றில் இருக்கிறது.

இடத்தைப் பிடிக்கும் பதிவிலிருந்து தொடங்குவோம், அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. சின்ன மண்டபங்களில் நடக்கும் கல்யாணங்களைப் பாருங்கள். சாஸ்திரிகள் கையை உயர்த்தி "கெட்டி மேளம்" என்றதும் ஸ்பீக்கர்காரர் லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டுகிறார். இணையத்தில் யாரோ ஏற்றிய இரண்டு நிமிடக் கோப்பு, நாகஸ்வரமும் தவிலும் பளிச்சென்று கேட்கின்றன. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், சுருதி, தாளம் என்று ஒரு செட்டு உட்கார வேண்டிய இடம் அந்தக் கோப்போடு போயிற்று. ராயல்டி கேட்டுப் போகவும் வழியில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கில் ஒலிப்பதிவைப் போடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் அந்த விலக்குக்குள் அடங்கும்.

எனவே நாகஸ்வர, தவில் கலைஞர்கள் ஏற்றக்கூடாத ஒன்று உண்டு: பேச்சுச் சத்தம் இல்லாமல் சுத்தமாகப் பதிவான கெட்டி மேளம். தாலி கட்டும் நேரத்துக்கு வேண்டியதை வெட்டி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் ஏற்ற வேண்டியது, ஸ்பீக்கரால் செய்ய முடியாத காரியத்தை. மாப்பிள்ளை அழைப்பில் கூட்டம் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து வாசிப்பது. ஊஞ்சலின்போது பெண் வீட்டுப் பாட்டி கேட்ட ராகத்தை உடனே எடுப்பது. முகூர்த்தம் தள்ளிப்போனபோது ஆலாபனையை நீட்டி நேரத்தை நிரப்புவது. இந்த வீடியோவில் வாசிக்கும் முகமும் மண்டபமும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். இதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர் "அண்ணே, அந்த வீடியோவுல வாசிச்ச செட்டே வேணும்" என்றுதான் கேட்பார். பேரம் பேசும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலம் செட்டு வைத்து நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

நாட்டியத்துக்கு வாசிக்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு மார்க்கம் முழுக்கப் பாடிப் பதிவு செய்து கொடுத்தால், அந்த ஒரு பெண்ணின் அரங்கேற்றத்தோடு அது நிற்பதில்லை. பள்ளியின் அடுத்த மாணவிக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு ஊர்ப் பள்ளிக்கு பென்டிரைவில் போகும். பாடகர், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் நால்வருக்கும் கிடைத்தது ஒருநாள் கூலி, போனது அடுத்த பத்து மேடை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே செய்ய முடிவது இது. பதிவுக்கு ஒப்புக்கொள்ளும்போதே யாருக்காக, எந்த நிகழ்ச்சிக்காக என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "இதே பதிவை வேறு மாணவியர் பயன்படுத்த உருப்படிக்கு இவ்வளவு" என்று ஒரு வரி சேருங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும், வரி இருப்பதுதான் முக்கியம். அந்த வரி இருந்தால் ஆசிரியை தாமாகவே கூப்பிட்டுக் கேட்பார், இல்லாவிட்டால் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. கொடுப்பது கலந்து முடித்த ஸ்டீரியோ கோப்பாக மட்டும் இருக்கட்டும். குரல், மிருதங்கம், நட்டுவாங்கம் என்று தனித்தனியாகப் பதிவான டிராக்குகளைக் கைவிட்டுக் கொடுத்தால், குரலை மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்வார்கள். காலப்பிரமாணத்தை (வேகத்தை) கொஞ்சம் குறை, ஒரு தீர்மானத்தை (ஜதிக் கோவையை) வெட்டு என்று பின்னால் கேட்பார்கள். டிராக்குகள் உங்களிடம் இருந்தால் அதுவும் உங்கள் வேலைதான், அதற்கும் கட்டணம் உண்டு.

மெல்லிசைக் குழுக்களில் கரோக்கி செய்ததும் இதே வேலை. கீபோர்டு, கிட்டார், தபேலா, டோலக், ரிதம் பேட் என்று மேடை நிறைய இருந்த இடத்தில் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும் நிற்கிறார்கள். டிராக்குகள் இலவசமாகக் கிடைப்பதால் குழுவை மொத்தமாகக் கூப்பிடும் செலவு கண்ணை உறுத்துகிறது. இதில் பாடகருக்கு லாபம், வாசிப்பவருக்கு நட்டம். ஆக்டாபேடு என்ற மின்தாளக் கருவிக்கு டோன் அமைத்துக் கொடுக்கிற ரிதம்காரர்களுக்கும் அப்படித்தான். ஒருவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்த டோன் தொகுப்பு (பேட்ச்), மறுவாரம் ஊரெல்லாம் இருக்கும்.

இனி அடுத்த பக்கம். கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் இலவசப் பகிர்வுக்கு இணையத்தைவிட வயது அதிகம். ஸ்பூல் டேப் காலத்திலேயே ரசிகர்கள் கச்சேரிகளைப் பதிந்து ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். கேசட் வந்தபோது அது வீட்டுக்கு வீடு பரவியது. இன்று நாம் பெரிய வித்வான்கள் என்று கொண்டாடுபவர்களின் விஸ்தாரமான ஆலாபனைகளை இசைத்தட்டு நிறுவனங்கள் காப்பாற்றவில்லை, 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். காப்பாற்றியது வானொலியும் இந்த ரசிகர்களும். பின்னால் சங்கீதப்ரியா என்ற தன்னார்வத் தளம் இதையே இணையத்துக்குக் கொண்டுவந்தது. கடையில் விற்பனைக்கு வந்த எதையும் ஏற்பதில்லை, நேரடிக் கச்சேரிகள் மட்டும், காசு கைமாறாது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியதும் இதே கணக்கில்தான். கச்சேரி டிக்கெட்டில் பிழைக்கும் குழுவுக்குக் கச்சேரிப் பதிவு ஊர் ஊராகப் போவது விளம்பரம். பதிவை விற்கக்கூடாது என்ற ஒரு விதியை ரசிகர்களே காவல் காத்தார்கள்.

கச்சேரிப் பதிவு ஆளைக் கூப்பிடும் வகை. அதைக் கேட்டவருக்கு அடுத்த கச்சேரி வேறுமாதிரி இருக்கும் என்று தெரியும். நேற்றுக் கேட்ட காம்போதி ராகத்தை இன்று அதே மாதிரி பாடப்போவதில்லை. சபாச் செயலாளரும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கமும் ஆளைத் தேர்வு செய்யும் முன் இப்போது பார்ப்பது வீடியோவைத்தான். பாட்டு கற்க விரும்பும் வெளிநாட்டு மாணவர்களும் அதைப் பார்த்தே வருகிறார்கள். பல கலைஞர்களுக்கு மாதாமாதம் நிலையாக வருவது அந்த வகுப்புப் பணம்தான். கச்சேரி சன்மானம் டிசம்பரில் கூடும், ஆடியில் வற்றும்.

வெளிநாட்டு உதாரணங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2007 அக்டோபரில் ஒரு ஆல்பத்தை "இஷ்டப்பட்ட விலைக்கு" இறக்கிக்கொள்ளக் கொடுத்தது, பூஜ்யமும் ஒரு விலைதான். பின்னால் அதே ஆல்பம் குறுந்தகடாக வந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 2008 மார்ச்சில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்கக் குழு இன்னும் நுணுக்கமாகச் செய்தது. 36 உருப்படிகளில் முதல் 9 இலவசம், முழுவதும் வேண்டுமானால் 5 டாலர், இரட்டைக் குறுந்தகடு 10 டாலர், அலங்காரப் பெட்டி 75 டாலர், கையெழுத்திட்ட 2,500 பெட்டிகள் மட்டும் 300 டாலர். அந்த 2,500ம் சில நாளில் தீர்ந்தன. அதில் மட்டும் ஏழரை லட்சம் டாலர். இவற்றைக் காட்டி "இலவசமாகக் கொடு, பணம் தானாக வரும்" என்பது அபத்தம். இரண்டு குழுவுக்கும் பெரிய நிறுவனங்களின் செலவில் பல வருடம் சேர்ந்த ரசிகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நமக்கு அதில் எடுத்துக்கொள்ளத் தக்கது விலை ஏணிதான்: இலவசமான ஒன்று, மலிவான ஒன்று, எண்ணிக்கையில் குறைந்த, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று. நம் ஊரில் அந்த மூன்றாவது பொருள் பெரும்பாலும் குறுந்தகடாக இருக்காது. ஒரு வீட்டு மாடியில் 40 பேருக்கு மைக் இல்லாத கச்சேரி, சொந்தமாக அமைத்த கீர்த்தனைகளின் ஸ்வரப்படுத்திய புத்தகம், ஒரு ராகத்துக்கு மட்டும் நான்கு வார வகுப்பு, இப்படி ஏதாவது.

ஸ்ட்ரீமிங்கை வருமானம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். மொத்தப் பணத்தை மொத்தக் கேட்பின் விகிதத்தில் பிரிப்பார்கள், கலைஞருக்கு நிலையான விலை கிடையாது. ஒரு கேட்புக்கு 10 பைசா என்றே வைத்துக்கொண்டாலும் 10,000 கேட்புக்கு 1,000 ரூபாய். ஒரு நாள் ஸ்டூடியோ வாடகைக்குக் காணாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டியே இல்லை. நம் சங்கீதத்துக்கு இன்னொரு பாதகமும் உண்டு. 30 விநாடி கேட்டால் ஒரு கேட்பு. இரண்டரை நிமிடக் குத்துப் பாட்டும் ஒரு கேட்புதான், 40 நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒரு கேட்புதான். அதனால் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று நான்காகப் பிரித்து ஏற்றுவது நல்லது. இடைவெளி தெரியாமல் ஒட்டும்படி வெட்டுங்கள், சுருதி அறுந்தால் காதில் அடிக்கும்.

அடுத்தது ஒலித்தரம். இலவசப் பகிர்வு கலைஞருக்குச் செய்யும் கெடுதலில் ஒரு பகுதி, மோசமான பதிவால் வருவது. மூன்றாம் வரிசையிலிருந்து செல்போனில் எடுத்த கச்சேரியில் குரல் தகரமாகக் கேட்கும், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) வெறும் தம்-தம், பக்கத்துச் சீட்டுக்காரரின் தாளம் அதைவிட உரக்க. கேட்பவர் கைபேசியைக் குறை சொல்லமாட்டார், "இவருக்குக் குரல் போய்விட்டது" என்பார். மோசமான பதிவு பரவாமல் தடுக்க ஒரே வழி, நல்ல பதிவை அதற்கு முன் கலைஞரே ஏற்றிவிடுவது. அதே வாரத்தில் ஏற்றினால் செல்போன் பதிவைத் தேடுவார் இருக்கமாட்டார்கள்.

நல்ல பதிவு என்றதும் மிக்சரிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்துக்கொள்வார்கள். அது மட்டும் போதாது, ஏன் என்பது முக்கியம். அரங்கில் எது கேட்கவில்லையோ அதைத்தான் மிக்சர்காரர் ஏற்றுவார். மிருதங்கமும் கடமும் மேடையிலிருந்தே உரக்கக் கேட்பதால் அவற்றின் ஃபேடர் (ஒலியளவுக் குமிழ்) கீழே கிடக்கும், குரலும் வயலினும் மேலே இருக்கும். அரங்கில் உட்கார்ந்தவருக்குச் சமமாகக் கேட்டது, மிக்சர் வயரில் தாளவாத்தியம் செத்துப்போய் வரும். இப்படி ஒரு பதிவு பரவினால் மிருதங்கக்காரருக்குச் செய்யும் தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே மிக்சர் வயரோடு, மேடையிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், ஒரு ஸ்டாண்டில் இரண்டு மைக் வையுங்கள். ஜூம் மாதிரியான கையடக்க ரெக்கார்டரே போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. தனி ஆவர்த்தனத்தின் மோரா என்ற முடிவுப் பகுதியின் உச்சத்தில்கூட அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி, தொடக்கத்தில் மைனஸ் 12 அருகில் நிறுத்துங்கள். இந்தத் தரத்தில் ஸ்டீரியோ பதிவு மணிக்கு 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும், இரண்டரை மணிக் கச்சேரிக்கு 2.6 ஜிபி. 2 ஜிபி வந்ததும் கோப்பைத் துண்டாக்கும் கருவிகள் உண்டு, பதறவேண்டாம், துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டையும் கலக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிசெகண்டு எடுக்கும். மைக் 5 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தப் பதிவு 15 மில்லிசெகண்டு பின்தங்கும், மிருதங்கத்தின் சாப்பு அடி இரட்டையாகக் கேட்கும் அல்லது குழம்பும். கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மிருதங்கத்தின் ஒரு கூர்மையான அடியைப் பிடித்து இரண்டையும் நேராக்குங்கள். தொடக்கத்தில் நேராக்கினால் போதாது. தனித்தனிக் கருவிகளின் உள் கடிகாரம் இரண்டு மணி நேரத்தில் விலகிவிடும். ஒவ்வொரு உருப்படியையும் தனியாக வெட்டி, தனியாக நேராக்குவதே சுலபம்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தொடக்கத்தில் பேசாமல் இருந்தாரே, அந்தக் கஞ்சிராக்காரரின் மௌனத்துக்குக் காரணம் இதுதான். வீடியோத் தலைப்பில் பாடகர் பெயர், ராகம், சபா, வருடம் எல்லாம் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் விவரக்குறிப்பின் ஆறாவது வரியில், "மேலும் காட்டு" என்பதை அமுக்கினால்தான் தெரியும். சிலதில் அதுவும் இல்லை. அவர் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த வீடியோ அகப்படாது. ஒரே மேடை, ஒரே பதிவு. ஒருவருக்கு விளம்பரம், மற்றவருக்கு இலவச உழைப்பு. சரிசெய்ய ஆகும் நேரம் ஐந்து நிமிடம். தலைப்பில் இடம் இல்லையென்றால் விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே எல்லார் பெயரும் வாத்தியத்தோடு வரட்டும். தனி ஆவர்த்தனத்தைத் தனித் துண்டாக வெட்டி, அதற்கு மிருதங்க, கட, கஞ்சிராக் கலைஞர்களின் பெயரையே தலைப்பாக வையுங்கள். அதே கோப்பை அவர்களிடம் கொடுத்து அவர்கள் பக்கத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். பெருந்தன்மை என்று இதற்குப் பெயர் வைக்க வேண்டாம், நியாயமான கூலியின் ஒரு பகுதி.

வாட்ஸப்பில் போகும் ஆடியோவுக்குப் பெயர் சீக்கிரம் உதிரும். "ஆடியோ-2023" என்று ஏதோ எண்ணோடு வந்த அருமையான பைரவியை யார் பாடியது என்று குழு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எம்பி3 கோப்பின் உள்ளே பெயர்ப்பட்டி இருக்கிறது. எம்பி3டேக் மாதிரியான இலவச மென்பொருளில் திறந்து உருப்படி, கலைஞர்கள், இயற்றியவர், வருடம், கருத்துப் பகுதியில் தொடர்பு முகவரி என்று நிரப்புங்கள். கோப்பின் பெயரிலேயே கலைஞர் பெயர் முதலில் வரட்டும். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் கோப்பு அதே பெயரோடு, அதே தரத்தோடு போகும். வீடியோவில் முதல் காட்சியில் மட்டும் பெயர் போட்டால் பயனில்லை, ஸ்டேட்டஸ் வைக்கிறவர் நடுவிலிருந்துதான் வெட்டுவார். கீழே சின்னதாக முழு நேரமும் இருக்க வேண்டும், அதுவும் நெட்டுவாக்கில் வெட்டினாலும் தப்பிக்கும்படி நடுப்பக்கத்தை ஒட்டி.

இனி யூடியூப் உரிமைக் கோரல். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனாலும் நீங்களே பாடி ஏற்றியதற்கு "பதிப்புரிமைக் கோரல்" வந்து நிற்கும். எந்திரம் ஒப்பிடுவது ஒலியை. யாரோ ஒரு நிறுவனம் தன் கேசட்டைப் பதிந்து வைத்திருக்கும், அதே கீர்த்தனை, அதே சுருதி, அதே மின்தம்பூரா என்றால் சிக்குவதுண்டு. பயந்து நீக்கிவிடாதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் 'கன்டென்ட்' பக்கத்தில் அந்த வீடியோ எதிரே இருக்கும் கோரலைத் திறந்து 'டிஸ்ப்யூட்' (மறுப்பு) கொடுங்கள். காரணத்தில் இரண்டு வரி போதும்: இயற்றியவர் மறைந்த வருடம், இது எங்கள் சொந்தக் கச்சேரிப் பதிவு. கோரியவருக்கு 30 நாள் அவகாசம், பதில் சொல்லாவிட்டால் கோரல் விழுந்துவிடும். அவர் உங்கள் மறுப்பை ஏற்காவிட்டால் மேல்முறையீடு, அதற்கு அவர் பதில் சொல்ல 7 நாள். கோரல் வந்து 5 நாளுக்குள் மறுப்புக் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே விளம்பரப் பணம் தனியாக நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் மறுப்புக் கொடுத்த நாளிலிருந்துதான். ஆகவே வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எல்லாப் பழைய பாட்டும் பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியச் சட்டத்தில் இயற்றியவர் மறைந்த வருடத்துக்குப் பின் 60 வருடம் உரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் பாடல்கள் 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. பெரியசாமித் தூரன் 1987, அதாவது 2047 வரை. பாரதியார் பாடல்கள் எல்லாருக்கும் பொது என்றாலும், சினிமாவில் ஒருவர் போட்ட மெட்டில் பாடினால் அந்த மெட்டு பொது அல்ல. மேடையில் பாடுவது வேறு, பதிந்து ஏற்றுவது வேறு.

சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள், கானா, நாட்டுப்புறக் கலைஞர்கள் பெரும்பாலும் அடிபடுவது காகிதத்தில். ஒரு சேனல்காரர் கையில் சில ஆயிரம் கொடுத்து, ஒரு அறையில் பாடவைத்துப் பதிந்து, இலவசமாகப் பார்க்கும்படி ஏற்றுவார். பாட்டு ஓடும். பின்னால் பாடியவரே தன் பக்கத்தில் தன் பாட்டைப் போட்டால், சேனல் பெயரில் கோரல் வரும். பழி இலவசப் பகிர்வின்மேல் விழும், ஓட்டை இருப்பதோ ஒப்பந்தத்தில். சட்டம் இங்கே கலைஞர் பக்கம் கொஞ்சம் நிற்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012 திருத்தத்துக்குப் பின், சினிமாவுக்கோ ஒலிப்பதிவுக்கோ எழுதிக் கொடுத்த பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் வரவேண்டிய ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. ஐபிஆர்எஸ் அப்படி ஒரு சங்கம். பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் சேரலாம். பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்தபின் அதே பாட்டை "யாரும் எடுத்துக்கொள்ளலாம்" என்று தனியாக அறிவிப்பது முரணாகும்.

அந்த அறிவிப்புக்கு முறையான வடிவம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். பெயர் சொன்னால் போதும், விற்றுக்கொள்ளலாம் என்பது பிஒய். வியாபாரத்துக்கு ஆகாது என்பது என்சி. மாற்றிப் பாடவோ வெட்டி ஒட்டவோ கூடாது என்பது என்டி. பிழைப்புக்கு வாசிக்கிறவர்களுக்குப் பிஒய்-என்சி-என்டி பொருந்தும், மற்றவை பெரும்பாலும் பின்னால் வருத்தம் தரும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இந்த உரிமத்தில் விட்ட பாட்டை யூடியூபின் ஒலி ஒப்பிடும் எந்திரமான கன்டென்ட் ஐடியில் சேர்க்கவும் முடியாது, அதற்கு முழு உரிமை ஒருவரிடமே இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கிய ரெடிமேட் பீட்டின் மேல் பாடியவர்களும் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாட்டையெல்லாம் உங்கள் பெயரில் எந்திரம் பிடித்துவிடும், அவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

கடைசியாக, உங்களைக் கேட்காமல் யாரோ உங்கள் கச்சேரியை ஏற்றிவிட்டால் என்ன செய்வது. 38ஏ பிரிவின்படி கச்சேரியைப் பதிவதும் பரப்புவதும் நிகழ்த்தியவரின் தனி உரிமை. இதில் பக்கவாத்தியக்காரரும் நிகழ்த்தியவரே. ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிந்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை, ஏற்றுவதைத்தான் தடுக்கிறது. உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நீக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒலி நன்றாக இருந்து பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தால், பெயரும் தொடர்பும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் சேர்ப்பார்கள். ஒலி மோசமாக இருந்தால் உங்கள் நல்ல பதிவை அனுப்பி மாற்றச் சொல்லுங்கள். விற்பனையில் இருக்கும் ஆல்பம், நாட்டியத்துக்குக் கொடுத்த பதிவு, தொண்டை கட்டியிருந்த அன்று பாடியது, இந்த மூன்றுக்கு மட்டும் நீக்கக் கோரிக்கை.

இதெல்லாம் வருவதற்கு முன்பே, கச்சேரிக்கு முந்தின நாள் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை கிளம்பாது. இப்படி: "நாளைய கச்சேரி வீடியோ, ஆடியோ பதிவாகிறது. ஒரு வாரத்துக்குள் என் பக்கத்தில் இலவசமாக ஏற்றப்படும். நால்வர் பெயரும் முதல் வரியில் வரும். தனி ஆவர்த்தனம் தனியாக உங்களுக்கு அனுப்பப்படும். ஏற்றுவதற்கு முன் லிங்க் அனுப்புகிறேன், வேண்டாம் என்று படும் பகுதியை இரண்டு நாளில் சொல்லுங்கள், வெட்டிவிடலாம். பின்னால் யாராவது காசு கொடுத்து வாங்கினால் செலவு போக நால்வருக்கும் சமபங்கு. சம்மதம் என்றால் ஒரு பதில் போடுங்கள்." பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கச்சேரியின் வேவ் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.